தாழ்நிலத்தில் வாசனை ரோஜா: செடி, இதழ், குல்கந்து, பன்னீர் (பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு கேள்வி)

பாத்தி_ஓரம்:
வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. இடம் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா, பழைய பத்தாங் பெர்ஜுந்தை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, வாசலில் 4 மீட்டர் நீளத்துக்கு மண் பாத்தி. காலை வெயில் நன்றாக விழும், பிற்பகல் 2 மணிக்குமேல் வீட்டு நிழல். பூ சாமிக்கும் வேண்டும், இதழ் குல்கந்துக்கும் பன்னீருக்கும் வேண்டும். கேமரன் மலையில் விற்கிற செடிகள் இங்கே ஒரு சுற்றுப் பூத்துவிட்டு இலை கொட்டி வெறும் குச்சியாகிவிடுகின்றன. பூத்தாலும் மணமில்லை. எந்த வகை வாங்குவது, மண்ணை எப்படித் தயார் செய்வது, தீபாவளிக்கு இதழ் கிடைக்குமா?

நாற்றங்கால்_ரவாங்:
வகையிலிருந்து தொடங்குவோம் தங்கச்சி. அது தப்பினால் மண்ணும் உரமும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவு நன்றாகக் குளிரும். நம் பக்கம் இரவு வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். பகலில் இலை சேர்த்த சத்தைச் சூடான இரவில் செடி மூச்சுவிட்டே தீர்த்துவிடும். அதனால்தான் மலையில் கையளவு பூத்த செடி இங்கே பாதி அளவில் பூக்கிறது, இதழ் எண்ணிக்கையும் குறைகிறது. இதை உரத்தால் சரிக்கட்ட முடியாது.

மணமும் அப்படித்தான். தூரத்துக்கு அனுப்பும் வெட்டுப்பூ ரகங்களை நீண்ட காம்புக்காகவும் நாள்பட நிற்பதற்காகவும் தேர்ந்தெடுத்தார்கள், மணம் வழியில் தொலைந்துபோனது. 2015ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பாப்பா மெய்லான் என்ற மணக்கும் ரோஜாவையும் ரூஜ் மெய்லான் என்ற மணமில்லா ரோஜாவையும் ஒப்பிட்டார்கள். முதலாவதில் ஜெரானியால் என்ற மணப்பொருளை உண்டாக்க உதவும் நொதி சுறுசுறுப்பாக இருந்தது, இரண்டாவதில் அடங்கிக் கிடந்தது. மணத்தை அடிப்படையில் தீர்மானிப்பது செடியின் பிறப்பு. வாங்கும்போதே பூவை முகர்ந்து பார்த்து வாங்குங்கள், அதுவும் காலையில்.

உங்கள் வேலைக்கு முதல் தேர்வு பன்னீர் ரோஜா. எட்வர்ட் ரோஜா என்றும் சொல்வார்கள். இளஞ்சிவப்பு, சிறிய பூ, நெருக்கமான இதழ், முள் அதிகம். போர்போன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவுக்கு முன்பு போர்போன் என்று பெயர், அங்கே டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து உண்டானதுதான் இந்தக் குடும்பம். டமாஸ்க் வழியில் மணம், சீன வழியில் ஆண்டு முழுவதும் பூக்கிற குணம். வெயிலையும் தாங்கும்.

பெரிய பூ வேண்டுமென்றால் டபுள் டிலைட், மிஸ்டர் லிங்கன், ஃபிராகிரண்ட் கிளவுட் மூன்றும் உண்மையாகவே மணப்பவை. ஆனால் மூன்றுக்கும் இலைப்புள்ளி எளிதில் வரும், பூவும் சிறுக்கும். பாத்தியில் பன்னீர் ரோஜா ஆறு செடி, சாடியில் டபுள் டிலைட் ஒன்று என்று வைத்துப் பாருங்கள்.

பல்கேரியாவின் கசன்லக், சவூதியின் தாயிஃப் ஆகிய ஊர்களில் எண்ணெய்க்கு வளர்க்கும் அசல் டமாஸ்க் செடியை இணையத்தில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். அது இல்லாத ஊரில் கிளையும் இலையுமாகவே நிற்கும்.

செம்மண்_ஈஜோக்:
மண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். ரோஜாவுக்குப் பி.எச். (மண்ணின் புளிப்பு-கார அளவு) 6லிருந்து 6.5 வரை பிடிக்கும். நம் பக்கத்து மண் 4லிருந்து 5க்குள்தான் நிற்கும். சில இடத்தில் கறுப்புச் சதுப்பு மண், அது இன்னும் புளிப்பு. கோலா சிலாங்கூர் கடலோரம் போனால் களிமண்ணைத் தோண்டும்போது வைக்கோல் மஞ்சள் நிறத்தில் திட்டுத்திட்டாக வரும். கந்தக அமில மண் அது, அதில் ரோஜா வேர் பிடிக்காது.

பெஸ்தாரி ஜெயாவுக்கென்றே ஒரு எச்சரிக்கை. அந்த வட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்க நிலம் நிறைய. உங்கள் பாத்தியில் வெளுத்த, சத்தற்ற, தண்ணீர் நிற்காத மணல் இருந்தால், அல்லது வீடு கட்டும்போது அப்படிப்பட்ட மணலைக் கொட்டி நிரப்பியிருந்தால், அதில் வளரும் பூவைச் சாப்பிட எடுக்க வேண்டாம். சுரங்கக் கழிவு மணலில் ஆர்செனிக், காரீயம் போன்றவை தங்கியிருக்கலாம். சாமிக்கு வைக்கும் பூவை அதில் வளர்க்கலாம், குல்கந்துக்கான செடி சாடியில் இருக்கட்டும்.

நல்ல மண் என்றால் 45 சென்டிமீட்டர் அகலம், அதே ஆழம் குழி. செடிக்குச் செடி 75 சென்டிமீட்டர். எடுத்த மண்ணோடு ஜி.எம்.எல். சுண்ணாம்புத் தூள் 200லிருந்து 300 கிராம் கலந்து, நனைத்து, 3 வாரம் விடுங்கள். செம்பனைத் தோட்டங்களில் போடுகிற அதே தூள்தான், உரக்கடையில் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் மக்கிய ஆட்டெரு இரண்டு மண்வெட்டி அளவு சேர்த்துச் செடி வைக்க வேண்டும். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் கலந்தால் தழைச்சத்து அமோனியாவாக ஆவியாகிப் போய்விடும். மூக்கில் ஏறுகிற காட்டம் வந்தால் அதுதான் காரணம்.

பாத்தியைத் தரையைவிட 25, 30 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டுங்கள். நம் ஊர் ரோஜா தண்ணீர் இல்லாமல் சாவதைவிட வேரில் தண்ணீர் நின்று சாவதுதான் அதிகம்.

சாடிக்கு: வாய் 40 சென்டிமீட்டருக்குக் குறையாத சாடி. மேல்மண் 3 பங்கு, கரியாக்கிய உமி 2, மக்கிய எரு 2, ஆற்று மணல் 1. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. கறுப்புப் பை வெயிலில் கொதிக்கும், அந்தப் பக்கத்து வேர் வெந்துவிடும். பைதான் இருக்கிறது என்றால் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

பாத்தி_ஓரம்:
நன்றி அண்ணே. செம்பனை எண்ணெய் மில்லில் இருந்து வெறுங்குலையும் (பழம் உதிர்த்தபின் மிஞ்சும் குலை) கொதிகலன் சாம்பலும் சும்மா கிடைக்கும். ரோஜாவுக்குப் போடலாமா? ரசாயன உரம் எது?

செம்மண்_ஈஜோக்:
வெறுங்குலை நல்லது, சாம்பல்சத்து நிறைய. ஆனால் முழுக் குலையாக அடுக்காதீர்கள். மக்கும் குலைக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அதன் புழு மண்ணோடு சேர்த்து எல்லாவற்றையும் கிளறும். நாராகப் பிய்த்து, 5 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரே படலமாக, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள்.

கொதிகலன் சாம்பல் கடுங்காரம். ஒரு செடிக்கு ஒரு கைப்பிடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், அதுவும் பாத்தியில் மட்டும். சுண்ணாம்பு போட்ட மண்ணில் சாம்பலையும் கொட்டினால் பி.எச். 7ஐத் தாண்டி, தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேர் எடுக்க முடியாத நிலை அது.

உரம் 12-12-17-2, நீல மணியாக விற்கிறார்களே அது. பாத்தியில் ஒரு செடிக்கு மாதம் 30 கிராம், ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்து. சாடியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 8 கிராம், அதாவது தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி. முதலில் தண்ணீர், பிறகு உரம், பிறகு மறுபடி தண்ணீர். யூரியாவும் கோழி எருவும் அதிகம் போட்டால் தண்டு மெதுமெதுவென்று ஓங்கும், அசுவினி மொய்க்கும், பூ குறையும்.

கவாத்து_கத்தரி:
தீபாவளிக் கேள்விக்கு வருகிறேன். கவாத்து செய்த நாளிலிருந்து தாழ்நிலத்தில் பன்னீர் ரோஜா 40லிருந்து 45 நாளில் பூக்கும். 2026 தீபாவளி நவம்பர் 8. செப்டம்பர் 24லிருந்து 29க்குள் வெட்டினால் பண்டிகை வாரத்தில் பூ இருக்கும். ஆறு செடி என்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாமல் மூன்று நாள் இடைவெளியில் இரண்டிரண்டாக வெட்டுங்கள், பூ தொடர்ந்து வரும்.

ஆனால் சிலாங்கூரில் அக்டோபர், நவம்பர்தான் பெருமழை. பூ கிடைக்கும், குல்கந்துக்கு வெயில் கிடைக்காது. தீபாவளிப் பூவைச் சாமிக்கும் மாலைக்கும் வைத்துக்கொண்டு, குல்கந்துக்குத் தனியாக இன்னொரு சுற்று திட்டமிடுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் வெட்டினால் பொங்கல், தைப்பூசம் சமயத்தில் பூ. நம் மேற்குக்கரையில் ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் மழை குறைந்த மாதங்கள்.

எவ்வளவு வெட்டுவது? குளிர்நாட்டுக் காணொளியைப் பார்த்து முழங்கால் உயரத்துக்கு மொட்டையடிக்காதீர்கள். இங்கே செடிக்கு உறக்கமே இல்லை, இலை எல்லாம் போனால் தளிர்விடச் சத்து இருக்காது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்க வேண்டாம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்டு. வெட்டுவாயில் தாமிரப் பூசணமருந்தைக் குழைத்துத் தடவு. தடவாமல் அன்றே மழை பெய்தால் நுனியிலிருந்து கறுப்பு இறங்கும், அது கணுத் தாண்டிக் கீழே போனால் கிளையே போய்விடும். கத்தரியைச் செடிக்குச் செடி சாராயத் துணியால் துடைக்க வேண்டும்.

நாற்றங்கால்_ரவாங்:
கவாத்து அண்ணே சொன்னது புதர் ரகத்துக்குச் சரி. பன்னீர் ரோஜாவுக்கு வெட்டைவிட வளைப்புதான் அதிகப் பூ தரும் என்பது என் கருத்து. இந்தச் செடி ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கொம்பு விடும். நிமிர்ந்து நிற்கவிட்டால் நுனியில் மட்டும் ஒரு கொத்துப் பூ. அதையே படுக்கைவாட்டில் வளைத்துக் கம்பியிலோ வேலியிலோ கட்டினால், நுனி மொட்டு மற்ற கணுக்களை அடக்கி வைத்திருக்கிற பிடி தளர்ந்து, கணுவுக்குக் கணு சிறு கிளை கிளம்பி ஒவ்வொன்றிலும் பூ வரும். 4 மீட்டர் பாத்தியில் தரையிலிருந்து 40, 80 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு கம்பி இழுத்துவிட்டால் போதும். முற்றிய கொம்பை ஒரே நாளில் வளைத்தால் அடியில் பிளக்கும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

கவாத்து_கத்தரி:
ஒப்புக்கொள்கிறேன் தம்பி, பன்னீருக்கு வளைப்பு நல்லதுதான். ஆனால் வளைத்தாலும் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கிழக்கொம்பை அடியோடு எடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. இல்லாவிட்டால் நடுவில் காற்றுப் புகாமல் இலைப்புள்ளி நிரந்தரமாகக் குடியேறும். நாள் கணக்கு வைத்துப் பூ வேண்டுமென்றால் வளைத்த கொம்பின் பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள், அதே 40, 45 நாள்தான்.

பாத்தி_ஓரம்:
இலை மஞ்சளாகிக் கறுப்புப் புள்ளியோடு கொட்டுவதற்கு என்ன செய்வது? இன்னொன்று, இலையில் வட்ட வட்டமாக ஓட்டை, ஆனால் பகலில் பூச்சியே தெரிவதில்லை.

செடிவைத்தியம்:
கறுப்புப் புள்ளி ஒரு பூசணம். இலை ஏறக்குறைய 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் வித்து முளைத்து உள்ளே போகும். நல்ல வெயிலில் அதற்கு வேலையில்லை. மாலை 5 மணி மழைக்குப் பிறகு விடியும்வரை காயாத இலைதான் அதற்கு வாய்ப்பு. ஆகவே மாலையில் தண்ணீர் விடாதே, விட்டாலும் இலைமேல் விடாதே. தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரம்வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிடு, மண்ணிலிருந்து தெறிக்கும் துளியில்தான் வித்து ஏறும். விழுந்த இலையைப் பொறுக்கிக் குப்பையில் போடு, எருக்குழியில் வேண்டாம்.

இதழைச் சாப்பிட எடுக்காத செடிக்கு மேன்கோசெப் என்ற பூசணமருந்து அடிக்கலாம். இதழ் எடுக்கும் செடிக்குப் பொட்டாசியம் பைகார்பனேட் லிட்டருக்கு 5 கிராம், கூட நாலு சொட்டு சோப்பு, வாரம் ஒருமுறை காலையில். வந்த புள்ளியை அது அழிக்காது, புதிய இலையைக் காக்கும்.

பகலில் தெரியாத ஓட்டை பெரும்பாலும் இரவு வண்டு. பழுப்பு நிறம், சுண்டுவிரல் நகத்தளவு. இருட்டியபின் 8 மணிக்கு டார்ச்சோடு போனால் இலையிலேயே உட்கார்ந்திருக்கும். சோப்புத் தண்ணீர் வாளியை அடியில் பிடித்துத் தட்டினால் விழும். ஒரு வாரம் விடாமல் செய்தால் வெகுவாகக் குறையும். மருந்தைவிட இதுதான் வேலை செய்கிறது.

இதழ் ஓரம் பழுப்பாகிப் பூ பாதியில் நின்றுபோனால் இலைப்பேன். மொட்டைப் பிரித்து வெள்ளைத் தாள்மேல் தட்டினால் கோடுபோல் நகரும். அப்படிப்பட்ட மொட்டைக் கிள்ளி எறியுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., சோப்பு 2 மி.லி. நல்லது, ஆனால் மொட்டு நிறம் காட்டுவதற்கு முன்பு மட்டும். நிறம் காட்டியபின் அடித்தால் குல்கந்தில் வேப்பெண்ணெய் நாற்றம் வரும், எதைப் போட்டாலும் போகாது.

மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில் சாடி வைத்திருப்பவர்களுக்குச் செஞ்சிலந்தி தொல்லை. இலை அடியில் தூசிபோல் இருக்கும். மூன்று நாளுக்கொரு முறை காலையில் இலை அடியைத் தண்ணீரால் பீய்ச்சினாலே அடங்கும்.

பன்னீர்ச்செம்பு:
சாப்பிடும் விஷயம் வருவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பூக்கடை ரோஜாவும் கேமரன் வெட்டுப்பூவும் சாப்பிட வளர்த்தவை அல்ல. அவற்றை வாங்கிக் கழுவிக் குல்கந்து போடாதீர்கள். இமிடாகுளோபிரிட், டைமீத்தோயேட் போன்ற மருந்துகள் செடியின் சாற்றில் ஊறிப் பரவுபவை, எத்தனை முறை கழுவினாலும் இதழுக்குள்ளே இருப்பது போகாது. நாற்றங்காலில் வாங்கிய புதுச்செடிக்கும் இது பொருந்தும். வாங்கிய செடியின் பூவைச் சாமிக்கு வையுங்கள், அதிலிருந்து குச்சி வெட்டி வளர்க்கும் புதுச்செடியின் பூவைச் சாப்பிடுங்கள்.

நாற்றங்கால்_ரவாங்:
அக்கா சொன்னதற்குத் துணையாக, குச்சி நடும் முறை. பூத்து முடித்த, பென்சில் கனக் கிளை, 15லிருந்து 20 சென்டிமீட்டர், நாலு கணு. அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டு, மேலே இரண்டு இலை மட்டும் விடு. வேர்விடு தூளில் தொட்டு, கரியுமியும் ஆற்று மணலும் சரிபாதி கலந்த பையில் இரண்டு கணு புதையும்படி குத்து. நிழலில் வைத்து, அடி வெட்டிய தண்ணீர்ப் புட்டியை மேலே கவிழ்த்து மூடு. நாலிலிருந்து ஆறு வாரம். தளிர் வந்தவுடன் வேர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்காதே, குச்சியில் இருந்த சத்திலேயே முதல் தளிர் வரும். இரண்டாவது கொத்து இலை வந்த பிறகுதான் மாற்ற வேண்டும். எருக் கலந்த மண்ணில் குத்தினால் குச்சி அடி அழுகும்.

ஒட்டுச்செடி வைத்திருப்பவர்கள் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் கொம்பைக் கையால் பிய்த்து எடுங்கள். வெட்டினால் அதே இடத்தில் இரண்டாக வரும். குச்சியில் வந்த செடிக்கு இந்தத் தொல்லை இல்லை.

மணம்_ஆய்வு:
பறிக்கும் நேரத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. வகைக்கு அடுத்தபடி மணத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

ரோஜா மணத்தில் முக்கியமானவை ஃபீனைல்எத்தில் ஆல்கஹால், சிட்ரோனெல்லால், ஜெரானியால். எல்லாமே ஆவியாகிறவை. இதழ் விரிய விரிய வெளியேறும், வெயில் ஏற ஏற வேகமாகப் போகும். நம் நாட்டில் சூரியன் எழவே 7 மணி சுமாராகிவிடும். ஆகவே 7லிருந்து 8.30க்குள் பறித்துவிடுங்கள். 11 மணிக்குப் பறித்த அதே பூவில் வாசம் வெகுவாகக் குறைந்திருக்கும். அன்று காலை விரியத் தொடங்கிய, நடு மகரந்தம் இன்னும் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும் பூதான் வேண்டும். மகரந்தம் பழுப்பான பூ நேற்றையது. நிறத்துக்குச் சேர்க்கலாம், மணத்துக்கு உதவாது.

பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடாதீர்கள். பறித்த பிறகும் இதழ் மூச்சுவிடும், பைக்குள் சூடேறி அரை மணியில் ஓரம் பழுத்துப் புளிப்பு வாடை வரும். துணி விரித்த அகலக் கூடையில் மெல்லப் பரப்புங்கள். இரவு மழை பெய்திருந்தால் பூவைக் கவிழ்த்து உதறி, மின்விசிறிக்கு அடியில் அரை மணி.

ஃபீனைல்எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் ஓரளவு கரையும், மற்ற இரண்டும் எண்ணெயோடுதான் அதிகம் போகும். அதனால்தான் பன்னீரின் மணமும் ரோஜா எண்ணெயின் மணமும் ஒன்றாக இருப்பதில்லை. வீட்டில் எண்ணெய் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு டமாஸ்க் பூவே ஏறக்குறைய 3,000லிருந்து 4,000 கிலோ வேண்டும். பன்னீரோடு நின்றுகொள்ளுங்கள்.

பன்னீர்ச்செம்பு:
குல்கந்து. பன்னீர் ரோஜா ஒன்றின் இதழ் 2லிருந்து 3 கிராம்தான் இருக்கும், ஆக 300 கிராமுக்கு நூறுக்குமேல் பூ வேண்டும். ஆறு செடியில் ஒரே நாளில் கிடைக்காது. அன்றன்று பறித்ததை அன்றன்றே சீனியோடு சேர்த்துப் படலம் படலமாக ஏற்றிக்கொண்டு போகலாம், அதில் தவறில்லை.

இதழின் அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கிள்ளிவிடுங்கள், கசப்பு அங்கேதான். ஒரே ஒரு முறை தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, நிழலில் மின்விசிறிக் காற்றில் 2, 3 மணி நேரம். கையில் எடுத்தால் ஈரம் ஒட்டக்கூடாது, ஆனால் இதழ் சருகாகவும் ஆகக்கூடாது. இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண்.

தமிழ்நாட்டில் இதழுக்குச் சமமாகக் கற்கண்டு என்பார்கள். நம் ஈரப்பதத்துக்கு அது குறைவு. 300 கிராம் இதழுக்கு 450 கிராம் சீனி அல்லது பொடித்த கற்கண்டு. சுத்தமான காய்ந்த கையால் சீனியோடு கசக்கினால் சாறு விட்டுச் சுருங்கும். கண்ணாடிச் சாடியில் முக்கால் அளவுக்குமேல் நிரப்பாதீர்கள். மேலே இரண்டு கரண்டி சீனியைத் தனியாகப் பரப்பி மூடுங்கள். ஏலக்காய் வேண்டுமானால் கடைசி நாளில்.

காலை 9லிருந்து பகல் 1 மணிவரை வெயில். அதற்குமேல் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் மழை வந்துவிடும். உள்ளே எடுத்தபின் ஆறவிட்டுத்தான் திறக்க வேண்டும், சூடாகத் திறந்தால் மூடியின் உள்ளே வேர்த்து நீர் சொட்டும். நாளுக்கு ஒருமுறை காய்ந்த மரக்கரண்டியால் அடிமேலாகக் கிளறுங்கள். மூன்று நாலு வாரத்தில் கருஞ்சிவப்பாகி, இதழ் பல்லில் படாமல் கரையும்.

கெட்டுப்போவது இரண்டு விதம். சின்னச் சின்னக் குமிழி, மூடி திறந்ததும் கள் வாடை: ஈரம் அதிகம், சீனி குறைவு. முதல் நாளிலேயே கண்டுபிடித்தால் இன்னும் 100 கிராம் சீனி சேர்த்து மிதமான தீயில் ஒரு கொதி விட்டுக் காப்பாற்றலாம், ஆனால் அது குல்கந்தாக இருக்காது, ஜாம்தான். மேலே வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் மேலாகச் சுரண்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள். மொத்தமாகக் கொட்ட வேண்டும்.

பாத்தி_ஓரம்:
அக்கா, சிராப் பண்டோங் (ரோஜா சிராப்பும் பாலும் கலந்த பானம்) வீட்டு ரோஜாவில் செய்யலாமா? எலுமிச்சை விட்டால் நிறம் வரும் என்கிறார்கள், ஆனால் பால் திரிந்துவிடுமே.

பன்னீர்ச்செம்பு:
நல்ல கேள்வி தங்கச்சி. 100 கிராம் இதழ், அரை லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, 5 நிமிடம் ஆறவிட்டு, இதழைப் போட்டு இறுக்கி மூடி 6 மணி நேரம். இதழோடு கொதிக்கவிட்டால் மணம் ஆவியாகிப்போய் வெந்த கீரை வாசம் மிஞ்சும். வடிகட்டிப் பிழிந்து அளந்து பாருங்கள். எடைக்கு எடை சீனி போட்டால் ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு பங்கு நீருக்கு இரண்டு பங்கு சீனி என்றால் கெட்டியாக இருக்கும், நாள்படும். சீனி கரையும் அளவுக்கு மட்டும் சூடு போதும். இரும்பு, செம்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சாயம் நீலம் பாரித்து மங்கும். எவர்சில்வர் அல்லது எனாமல்.

இதழ்ச் சாயம் புளிப்பில்தான் சிவக்கும். எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி விட்ட நொடியில் மங்கல் நீர் செக்கச்செவேலென்று மாறும். அந்த சிராப்பைத் தண்ணீரிலும் சோடாவிலும் கலந்து குடியுங்கள். பண்டோங்குக்கு எலுமிச்சை விடாமல் தனிப்புட்டி எடுத்து வையுங்கள். நிறத்துக்குப் பீட்ரூட் ஒரு மெல்லிய வில்லையைச் சுடுநீரில் இதழோடு ஊறப்போட்டால் போதும், பால் திரியாது. சர்க்கரையில்லாத டின் பால்தான் பொருத்தம். முதலில் சிராப், ஐஸ், தண்ணீர், கடைசியில் பால்.

கடையில் விற்கும் சிவப்பு சிராப்பின் அடர்நிறமும் தூக்கலான வாசமும் இதில் இருக்காது. பல புட்டிகளில் அது சாயமும் வாசனைச் சாறும்தான், சேர்மானப் பட்டியலைப் படித்தால் தெரியும்.

மணம்_ஆய்வு:
பன்னீர் வடிப்பதை நான் எழுதுகிறேன். இதழைத் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டி அதைப் பன்னீர் என்று பல இடத்தில் போடுகிறார்கள். அது கஷாயம், இரண்டு மூன்று நாளில் கெடும். பன்னீர் என்பது ஆவியைக் குளிரவைத்து எடுப்பது.

அகலமான எவர்சில்வர் பானை, நடுவில் ஒரு கல் அல்லது முக்காலி, அதன்மேல் வாய் அகன்ற எவர்சில்வர்க் கிண்ணம். சுற்றிலும் 250 கிராம் இதழ், ஒன்றரை லிட்டர் தண்ணீர், கிண்ணத்துக்குள் தண்ணீர் புகாத மட்டத்தில். பானை மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அந்தக் குழியில் ஐஸ் கட்டி. ஆவி மூடியில் பட்டுத் துளியாகிக் கைப்பிடி வழியாகக் கிண்ணத்தில் விழும். தீ மிகக் குறைவாக, தண்ணீர் மெல்ல அசையும் அளவுக்கு. கொதித்துத் தெறித்தால் இதழ் நீர் கிண்ணத்தில் விழுந்து எல்லாம் கலங்கிவிடும். ஐஸ் உருகினால் உறிஞ்சி எடுத்துப் புது ஐஸ் போடவேண்டும். மூடி சூடானால் ஆவி பக்கவாட்டில் தப்பிப்போகும், வீடெல்லாம் மணக்கும், கிண்ணத்தில் மணம் இருக்காது.

இதழ் எடைக்குச் சமமான அளவோடு நிறுத்துங்கள். 250 கிராமுக்கு 250 மி.லி. அதற்குமேல் வருவது வெந்த வாடை, முதலில் வந்த நல்லதையும் கெடுக்கும். வடித்தவுடன் ஒரு பச்சை வாசம் இருக்கும், இரண்டு நாள் மூடி வைத்தால் அடங்கும். புட்டியை 10 நிமிடம் கொதிநீரில் போட்டுக் காயவைத்து நிரப்புங்கள். இதில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை, ஆகவே ஐஸ் பெட்டியில், சிறு சிறு புட்டியாக. மேகம்போல் கலங்கல் அல்லது இழை தெரிந்தால் கொட்டிவிடுங்கள். கண்ணில் விடுவதற்கு வீட்டுப் பன்னீர் வேண்டவே வேண்டாம், அது கிருமி நீக்கியதல்ல.

மாலைகட்டு_புக்கிட்ரோத்தான்:
சாமிக்கும் மாலைக்கும் சுருக்கமாக. பன்னீர் ரோஜா கட்டினால் பொழுது சாய்வதற்குள் உதிரும், அதன் இயல்பு அது. முதல் நாள் மாலை முக்கால் மொட்டாக எடுத்து, ஈரத்துணி சுற்றி இரவு ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் காலையில் நாரில் கட்டுங்கள். ஆப்பிள், மாம்பழத்தோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள், பழுக்கும் பழம் விடும் வாயுவில் ரோஜா சீக்கிரம் உதிர்ந்துவிடும். உதிரியாக அர்ச்சனைக்கு என்றால் காலையில் பறித்ததே போதும்.

அண்டைவீட்டு மலாய்க்காரர்களுக்கும் உதிரி இதழ் வேண்டியிருக்கும். ரம்பை இலையோடு நறுக்கிக் கலக்கும் ‘புங்ஙா ராம்பாய்’ என்ற வாசனைக் கலவைக்கும், பெருநாளில் கல்லறைக்குப் போகும்போது பன்னீரோடு தூவவும். செடி நிறையப் பூத்தால் கொடுக்க ஆள் இருக்கிறது.

பாத்தி_ஓரம்:
மிஞ்சும் இதழைக் காயவைக்கலாமா? பன்னீர் வடித்த பிறகு பானையில் மிஞ்சும் இதழை குல்கந்துக்குப் போடலாமா?

மணம்_ஆய்வு:
காயவைக்கலாம், ஆனால் நம் காற்றில் நிழலில் மட்டும் வைத்தால் பாதியில் பூசணம் வரும். 40 டிகிரியில் காயவைக்கும் மின்பெட்டி அல்லது கதவைச் சற்றுத் திறந்து வைத்த ஓவன், 4லிருந்து 6 மணி நேரம். விரலில் நொறுங்க வேண்டும். ஒரு கிலோ பச்சை இதழ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இறங்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டின்னில், இருட்டில். வெளிச்சம் பட்டால் நிறம் முதலில் போகும்.

வடித்த இதழில் மணமும் இல்லை, நிறமும் இல்லை, நீர்தான் நிறைய இருக்கிறது. குல்கந்தில் போட்டால் முழுச் சாடியும் புளித்துப்போகும். ஆறவைத்து எருக்குழியில் போடுங்கள். பானையில் நிற்கும் பழுப்பு நீரை ஆறியபின் செடி அடியிலேயே ஊற்றலாம்.

செம்மண்_ஈஜோக்:
ஊற்றும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, பாத்தியில் மட்டும். சாடியில் ஊற்றினால் மேலே ஆடைபோல் படிந்து பொடி ஈ மொய்க்கும். சுண்ணாம்புத் தூள் இப்போதே வாங்கிக் கலந்துவிடுங்கள் தங்கச்சி, மூன்று வாரம் அதற்கே போய்விடும்.